காற்றூர்தியும் சாளரம் இல்லாத பேருந்தும்

சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில் 1905-ஆம் ஆண்டு ஒரு சிறுகதை அச்சேறியது. அக்கதையில் வரும் நாட்டில் அடுப்புப் புகை கிடையாது. சூரிய வெப்பத்தைச் சேமித்து, குழாய் வழியே கொண்டுவந்து சமைக்கிறார்கள். மழைக்காக எவரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மேகத்துக்கு மேலே மிதக்கும் பலூனிலிருந்து வேண்டியபோது வேண்டிய அளவு நீரை இறக்கிக்கொள்கிறார்கள். வயல்களை மின்சாரம் உழுகிறது. மக்கள் காற்றூர்தியில் பறக்கிறார்கள். ஆகவே இருப்புப்பாதையும் இல்லை, ரயில் விபத்தும் இல்லை. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்தால் போதும்.

இதை எழுதியவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. பீகாரின் பாகல்பூரில், கோஷா முறையில் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு வங்காள முஸ்லிம் பெண். பெயர் ரொக்கையா சகாவத் ஹுசைன். வங்கதேசத்தில் அவரை பேகம் ரொக்கையா என்றால்தான் தெரியும். அவர் பெயரில் அங்கே ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அவருடைய கதை முதன்முதலில் அச்சான நகரத்தைச் சேர்ந்த நாமோ அவரை அதிகம் அறிந்தவர்கள் அல்லர்.

அண்மையில் கல்லூரி ஒன்றில், அறிவியல் புனைகதைகளில் படித்த கருவிகள் எல்லாம் உண்மையானால் நம் வாழ்க்கையும் பொருளாதாரமும் என்னவாகும் என்ற தலைப்பில் பேச அழைத்திருந்தார்கள். ஓட்டுநர் இல்லாத மகிழுந்து, எந்திர மனிதன், செயற்கை நுண்ணறிவு என்று மாணவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். வேலை போய்விடுமா, ஓய்வு பெருகுமா என்பதே அவர்கள் கேள்வி. எனக்கு அங்கே ரொக்கையாவின் நினைவே திரும்பத் திரும்ப வந்தது. கருவிகளைக் கனவு கண்டதோடு அவர் நிற்கவில்லை. அக்கருவிகளுள் சில தம் கண்ணெதிரே உண்மையானதையும், உண்மையான பின் அவற்றுக்கு நேர்ந்ததையும் பார்த்து எழுதியவர் அவர். அந்த வாய்ப்பு எல்லாக் கதாசிரியர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இன்றைய வங்கதேசத்தின் ரங்கபூர் மாவட்டத்தில் பைராபந்து என்ற சிற்றூரில் 1880-ஆம் ஆண்டு ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் ரொக்கையா பிறந்தார். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆண்மக்களைக் கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பெறச் செய்த அதே தந்தை, பெண்மக்களுக்குத் திருக்குர்ஆனை ஓதக் கற்பித்ததோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார். வங்கமொழி கற்பதுகூட அந்த வீட்டுப் பெண்களுக்கு விலக்கு. அக்காள் கரீமுன்னிசா தரையில் குச்சியால் எழுத்துகளைக் கீறித் தாமாகவே வங்கமொழி பயின்றார். அது தெரிந்தபின் அவருக்கு விரைவிலேயே திருமணம் நடந்தேறியது. தங்கைக்கு வாய்த்தது அண்ணன் இப்ராகிம். வீடு உறங்கிய பின், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் தங்கைக்கு ஆங்கிலமும் வங்கமும் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வயது முதல் தாம் அயலார் வீட்டுப் பெண்கள் வந்தால்கூட ஓடி ஒளிய வேண்டியிருந்ததை ரொக்கையா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆண்களிடமிருந்து மறைவது போதாதென்று பெண்களிடமிருந்தும் மறைய வேண்டும்! கூடத்தில் ஒருவர் வந்தால் மாடத்துக்கும், மாடத்தில் ஒருவர் ஏறினால் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்த அக்குழந்தையை மனக்கண்ணில் பார்த்துவிட்டுத்தான் வானில் பறக்கும் அவரது கதையைப் படிக்க வேண்டும்.

பதின்ம வயதிலேயே திருமணம் ஆயிற்று. கணவர் சையத் சகாவத் ஹுசைன் வயதில் மிகவும் மூத்தவர், மனைவியை இழந்தவர், இங்கிலாந்தில் கல்வி பெற்றுத் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். இத்தகைய திருமணங்கள் பெண்ணின் கதையை முடித்துவைப்பதே அக்காலத்து வழக்கம். இங்கே அது வேறு விதமாக அமைந்தது. மனைவியின் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தியவர் அவர். எழுதத் தூண்டியவரும் அவரே. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் மழலைப் பருவத்திலேயே இறந்துபோயின. அந்தத் துயரத்தைப் பற்றி ரொக்கையா அதிகம் எழுதவில்லை.

கணவர் அலுவல் நிமித்தம் சுற்றுப்பயணம் போயிருந்த ஒரு சமயத்தில் பொழுதுபோக்குக்காக எழுதியது 'சுல்தானாவின் கனவு'. திரும்பிவந்த கணவர் கதையை நின்றபடியே முழுவதும் படித்து முடித்தார் என்றும், ஆண்களின் மீது தீர்த்துக்கொண்ட கடுமையான பழி இது என்று வியந்தார் என்றும் ரொக்கையா பதிவு செய்திருக்கிறார். சென்னையில் கமலா சத்தியநாதன் 1901-இல் தொடங்கி நடத்திவந்த இதழுக்கு அக்கதை சென்றது. இந்தியப் பெண்ணொருவர் இந்தியப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் நடத்திய முன்னோடி இதழ் அது. பாகல்பூரில் கோஷாவில் இருந்த ஒரு பெண்ணின் கற்பனைக்கு, சென்னையில் இருந்த மற்றொரு பெண் இடம் கொடுத்தார். நம் நகரத்தின் பெருமைகளைப் பட்டியலிடுவோர் இதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கதை எளியது. சுல்தானா என்பவள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையைச் சோம்பலாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். தோழி சாராவைப் போல் தோன்றும் ஒருத்தி வந்து அவளை உலாவ அழைக்கிறாள். வெளியே வந்தால் பட்டப்பகல், தெருவெங்கும் பெண்கள், ஓர் ஆண்கூட இல்லை. அந்நாட்டில் ஆண்கள்தாம் வீட்டின் உள்ளறைகளில் இருக்கிறார்கள். கூச்சத்தோடு நடக்கும் சுல்தானாவைப் பார்த்து, ஆண்பிள்ளை போல் நாணுகிறாளே என்று வழிப்போக்கர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த நாடு அப்படி ஆனது எவ்வாறு என்பதைச் சாரா விளக்குகிறாள். அந்த விளக்கத்தின் வரிசைதான் என்னை இன்றுவரை வியக்கவைப்பது. முதலில் கருவி வரவில்லை. முதலில் வந்தது, பெண்கள் அனைவரும் கற்க வேண்டும் என்ற அரசியின் ஆணை. அடுத்து வந்தது, இருபத்தொரு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்ற சட்டம். பிறகு பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகங்கள். அவற்றுள் ஒன்று மேகத்து நீரைக் கறக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறது. அதைக் கண்டு மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறது. ஆண்களோ அப்போது படைபலத்தைப் பெருக்குவதில் மூழ்கியிருந்தார்கள். பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியை வெறும் உணர்ச்சிக் கனவு என்று எள்ளினார்கள். ஆள்வோர் தத்தம் காலத்து ஆராய்ச்சியாளர்களைப் பார்த்துச் சொல்லும் சொல் அதிகம் மாறிவிடவில்லை.

பின்னர் அண்டை நாட்டோடு போர் மூள்கிறது. அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அரசி மறுத்ததே காரணம். ஆண்களின் படை தோற்கிறது. பதினாறு வயதுச் சிறுவர்கள்கூடப் போர்க்களம் போன பின்னரும் பகைவன் தலைநகரை நெருங்கிவிடுகிறான். அந்த நிலையில் பல்கலைக்கழகத்தின் தலைவி, இரண்டாயிரம் மாணவியருடன் போர்முனைக்குச் சென்று, சேமித்த கதிரவன் ஒளியையும் வெப்பத்தையும் ஒருமுகப்படுத்திப் பகைவர் மேல் திருப்புகிறாள். படை சிதறி ஓடுகிறது. பெண்கள் வெளியே வருவதற்காக அன்று உள்ளறைகளுக்குள் போன ஆண்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

காற்றூர்தியின் அமைப்பை ரொக்கையா விளையாட்டுப் போலச் சொல்கிறார். ஒரு சதுரப் பலகை, அதில் திருகி இறுக்கிய இருக்கைகள், எடையைத் தணிக்க ஹைட்ரஜன் நிரப்பிய இரண்டு உருண்டைகள், மின்சாரத்தால் சுழலும் சிறகுகள். ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்திய மண்ணில் அலகாபாதிலிருந்து வானூர்தி அஞ்சல் பறந்ததே 1911-இல்தான். சூரிய அடுப்பு மட்டும் அன்றைக்கு முற்றிலும் புதிய எண்ணம் அன்று. பம்பாயில் அலுவல் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளைக் கொண்டு கதிரொளியைக் குவித்துச் சமைத்தும், நீராவி எந்திரத்தை இயக்கியும் காட்டி, 1878-இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டிருந்தார்.

சூரிய அடுப்பு என்றதும் எங்கள் வீட்டு மொட்டை மாடி நினைவுக்கு வருகிறது. 1980-களின் நடுவில், மானிய விலையில் என் தந்தையார் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்பு வண்ணம் பூசிய பாத்திரங்கள், கண்ணாடி மூடி, ஒளியைத் திருப்பும் ஆடி பொருந்திய பெட்டி. அரிசியும் பருப்பும் அதில் அருமையாக வெந்தன. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தந்தையார் காலை எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்ப வேண்டும். நாங்கள் எட்டரைக்குப் பள்ளிக்கு. கதிரவனோ பத்து மணிக்குமேல்தான் அந்தப் பெட்டிக்குள் வேலையைத் தொடங்குவான். அம்மா வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தார். ஓராண்டுக்குள் சூரிய அடுப்பு வற்றலும் வடகமும் காக்கைக்குத் தப்பும் பெட்டியாக மாறியது. கருவியில் பிழை இல்லை. எங்கள் வீட்டின் கால அட்டவணையைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை, அவ்வளவே. ரொக்கையாவின் கதையில் அந்த அட்டவணை முதலிலேயே மாறிவிடுகிறது. அங்கே எவரும் எட்டு மணி அலுவலகத்துக்காக ஓடுவதில்லை.

வேலை நேரத்தைப் பற்றிய கணக்கு அக்கதையின் சுவையான பகுதி. ஆண்கள் அலுவலகத்தில் ஏழு மணி நேரம் இருக்கிறார்களே, நீங்கள் எப்படி இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறீர்கள் என்று சுல்தானா கேட்கிறாள். ஒரு சுருட்டு எரிய அரை மணி ஆகும். நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு என்றால் ஆறு மணி நேரம் புகையாகவே போய்விடுகிறது என்பது சாராவின் பதில். சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய பகுதிதான். ஆனால் கால் நூற்றாண்டுக்குப் பின், 1930-இல், பொருளியல் அறிஞர் கெயின்ஸ் இன்னும் நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று கணித்தார். அந்த நூறு ஆண்டுக் கெடு முடிய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. உற்பத்திப் பெருக்கத்தைப் பொறுத்தவரை கெயின்ஸ் பெரிதும் தவறவில்லை. உழைப்பு நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவி மிச்சப்படுத்திய நேரம் யாருக்குச் சேர வேண்டும் என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. ரொக்கையாவின் நாட்டில் சூரிய வெப்பம் சுற்றியுள்ள அனைவருக்கும் தேவைக்கேற்ப வழங்கப்படுகிறது. கண்டுபிடித்த பல்கலைக்கழகம் அதை விலைக்கு விற்பதாகக் கதையில் எங்கும் இல்லை. மிச்சமானது இலாபமாக மாறாமல் ஓய்வாக மாறியது அதனால்தான்.

வீட்டுக்குள் இருக்கும் வேலை நேரமோ கெயின்ஸின் கணக்கில் வராதது. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண் 88 நிமிடங்கள். மாவரைக்கும் எந்திரம், சலவை எந்திரம், எரிவாயு அடுப்பு என ஒருகாலத்தில் கனவாக இருந்தவை அனைத்தும் நடுத்தர வீடுகளுக்குள் வந்துவிட்ட பிறகும் நிலை இது. அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில், வீட்டுச் சாதனங்கள் பெருகியபோது அந்நாட்டு இல்லத்தரசிகளின் வேலை குறையவில்லை. தூய்மைக்கும் சமையலுக்கும் எதிர்பார்ப்பு உயர்ந்து வேலை கூடவே செய்தது என்று விரிவாகக் காட்டினார். நம் வீடுகளிலும் இதைக் காணலாம். ஆட்டுக்கல் இருந்தபோது இட்லி வாரத்துக்கு ஒருநாள்; எந்திரம் வந்தபின் அன்றாடம்.

ரொக்கையாவின் கனவில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. அங்கே சமையல் மறைந்துவிடவில்லை. குழந்தை வளர்ப்பும் மறைந்துவிடவில்லை. அவை ஆண்களின் கைக்கு மாறியிருக்கின்றன. சுல்தானா சமையற்கட்டைப் பார்க்க வரும்போது அங்கே பணியாற்றும் ஆண்கள் முன்கூட்டியே விலகிப் போகிறார்கள். புகையில்லாத, ஒளி பொருந்திய, காய்கறித் தோட்டத்தின் நடுவே அமைந்த அழகிய சமையற்கட்டு. ஆயினும் அதில் வேலை செய்பவர் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆண்களின் உலகைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும் எள்ளலே ஆசிரியரின் நோக்கம் என்பது வெளிப்படை. என்றாலும், எவ்வளவு ஒளிமயமான எதிர்காலக் கற்பனையிலும் யாரோ ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் எனக்கு எழுந்துகொண்டே இருக்கிறது.

கதையின் முடிவில் அரசியைக் கண்டுவிட்டுக் காற்றூர்தியில் திரும்பும் சுல்தானா, அதிலிருந்து நழுவி விழுகிறாள். விழுந்த அதிர்ச்சியில் விழிக்கிறாள். தன் அறையில் அதே சாய்வு நாற்காலியில் கிடக்கிறாள்.

ரொக்கையாவும் விரைவிலேயே விழிக்க வேண்டியதாயிற்று. 1909-இல் நீரிழிவு நோயால் கணவர் இறந்தார். பெண்களுக்குப் பள்ளி தொடங்குவதற்கென்று பத்தாயிரம் ரூபாயை அவர் முன்பே ஒதுக்கிவைத்திருந்தார். சில மாதங்களிலேயே பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி தொடங்கியது. சொத்துத் தகராறினால் அங்கே நீடிக்க முடியாமல், ரொக்கையா கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1911-இல் கணவர் பெயரில் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். தாம் ஒருநாளும் மாணவியாக அமர்ந்திராத வகுப்பறையைத் தாமே நடத்தத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தொன்றுகூட நிறையவில்லை. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளை இரந்து பெற்றார். அதற்காக அவரும் முகத்திரை அணிந்தே சென்றார். மார்க்கத்தை அவர் மறுத்தவர் அல்லர். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுக் கடமை என்பதே இசுலாம் சொல்வது என்று வாதாடினார். அடக்கமான உடையை எதிர்க்காமல், பெண்ணை உலகத்திலிருந்து அடைத்துவைப்பதையே எதிர்த்தார். அந்த அடைப்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அறிந்திருந்தார்.

பள்ளிக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் பேருந்து வந்தபோது நடந்தது, கதையைவிடக் கதை போன்றது. 1931-இல் வெளியான 'அபரோத்பாசினி' என்ற நூலில், அடைபட்ட பெண்களின் வாழ்விலிருந்து தொகுத்த 47 நிகழ்ச்சிகளை ரொக்கையா தருகிறார்; அவற்றுள் கடைசி இது. கோஷா குலையக் கூடாது என்பதற்காக அந்த வண்டி ஓர் அலமாரியைப் போல் நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் மேற்புறத்தில் மூன்று அங்குல அகலத்தில் ஒரு சிறு வலைத்தட்டி. வேறு திறப்பே இல்லை. முதல் நாளே உள்ளிருந்த சிறுமியர் வெப்பத்தில் வாந்தி எடுத்தார்கள். இருட்டுக்கு அஞ்சிச் சின்னஞ்சிறுமிகள் அழுதார்கள். மறுநாள் ஓர் ஆசிரியை தட்டிகளைத் திறந்துவிட்டு வண்ணத் திரைகளைத் தொங்கவிட்டார். அப்போதும் சிலர் மயங்கி விழுந்தார்கள். வண்டியைப் பார்த்த ஒருவர் அதற்கு நகரும் இருட்டறை என்று பெயர் சூட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் தாய்மார் சிலர் திரண்டு வந்து, எங்கள் பிள்ளைகளை உயிரோடு புதைக்கிறீர்களா என்று சண்டையிட்டார்கள். அதே நாள் மாலைத் தபாலில் நான்கு கடிதங்கள் வந்தன. ஒன்று ஆங்கிலத்தில், மூன்று உருதுவில். நான்கும் சொன்னது ஒன்றே. வண்டியின் திரைகள் காற்றில் அசைகின்றன. அதனால் கோஷா கெடுகிறது. உடனே சரிசெய்யாவிட்டால் செய்தித்தாள்களில் பள்ளியைப் பற்றி எழுதுவோம். திரையை மூடினால் பிள்ளை மூர்ச்சையாகிறது. திறந்தால் பள்ளியின் பெயர் கெடுகிறது. காற்றூர்தியின் இருக்கை, உருண்டை, சிறகு எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்க வகுத்தவர், ஒரு பேருந்துக்குச் சாளரம் வைக்க முடியாமல் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டார்.

பேருந்து புதிய கருவிதான். தொலைவை அது வென்றது. பள்ளிக்கு வர இயலாத வீடுகளின் பிள்ளைகளை வரவைத்தது. ஆனால் தெருவில் ஏற்கெனவே இருந்த விதி, அந்த வண்டியின் உலோகத் தகடாக உருமாறி உள்ளே ஏறிக்கொண்டது. இன்றைக்கு ஆள்தேர்வைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கும் நிறுவனங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று அங்குல வலைத்தட்டி நினைவுக்கு வருகிறது. பழைய பதிவேடுகளில் இருந்த ஓரவஞ்சனை, புதிய எந்திரத்துக்குள் ஓசையின்றிக் குடியேறிவிடுகிறது.

இதைவிடக் கொடிய நிகழ்ச்சியும் அந்நூலில் உண்டு. ரொக்கையாவுக்குத் தூரத்து உறவான ஒரு பெண்மணி பாகல்பூரிலிருந்து பாட்னாவுக்குப் பயணம் செய்கிறார். துணைக்குப் பணிப்பெண் ஒருத்தி மட்டும். கியூல் நிலையத்தில் வண்டி மாறும்போது பர்தா காலில் சிக்கி, ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையே விழுந்துவிடுகிறார். தூக்க ஓடிவந்த ஆண்களைத் தொடக் கூடாது என்று பணிப்பெண் தடுக்கிறாள்; தனி ஒருத்தியாகத் தூக்க அவளாலும் முடியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்த ரயில் பிறகு புறப்பட்டது. ரயிலும் இருப்புப்பாதையும் இல்லாத ஒரு நாட்டை ரொக்கையா ஏன் கற்பனை செய்தார் என்று ஒருகாலத்தில் நான் வியந்ததுண்டு. இதைப் படித்தபின் அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

உழவர்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையும் இங்கே நினைக்கத்தக்கது. மின்சார உழவைக் கனவு கண்டவர், உழவனின் துயரம் என்று பொருள்படும் தலைப்பில் வங்கமொழியில் அதை எழுதினார். நாகரிகம் வளர்ந்துவிட்டது என்பதற்குச் சான்றாக மாடமாளிகை, ரயில், டிராம், மோட்டார், தந்தி, வானூர்தி என்று அடுக்கிவிட்டு, கல்கத்தா மட்டுமே இந்தியா ஆகுமா என்று வினவுகிறார். தாம் பிறந்த ரங்கபூர் மாவட்டத்தில், ஒரு ரூபாய்க்கு 25 சேர் அரிசி விற்ற காலத்திலும், சோற்றுக்கு வழியின்றிச் சுரைக்காயையும் பூசணியையும் சணல் கீரையையும் அவித்துத் தின்ற உழவர்கள் இருந்ததைக் காட்டுகிறார். ஆமணக்கு இலை தின்னும் புழுவிலிருந்து பெண்கள் வீட்டிலேயே நூற்று நெய்த எண்டித் துணி, மலிவான வண்ணத் துணிகள் வந்ததும் கைவிடப்பட்டதை எடுத்துரைக்கிறார். அந்தக் கைத்தொழில் போனதால் கையில் இருந்த சிறு வருமானமும் போயிற்று. அவர் பரிந்துரைத்த மருந்து மின்சாரம் அன்று. ஊருக்கு ஒரு பள்ளி, வீட்டுக்கு ஓர் இராட்டை.

இதை முரண் என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. சூரிய வெப்பத்தில் சமைத்தவர் இராட்டைக்குத் திரும்பிவிட்டாரே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இராட்டை அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஆலை அவள் கையில் இல்லை. கனவு நாட்டின் வெப்பக் கருவியும் அதைப் பயன்படுத்துவோர் கையிலேயே இருந்தது. 1905-இல் எழுதியதும் பிற்காலத்தில் எழுதியதும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்.

1930-ஆம் ஆண்டு, கல்கத்தாவில், ரொக்கையா மெய்யாகவே வானூர்தியில் ஏறினார். ஓட்டியவர் முராத் என்ற வங்காள முஸ்லிம் இளைஞர். ஐம்பது மைல் பறந்த அந்த அனுபவத்தை ஒரு சிறு கட்டுரையாக எழுதிவைத்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் கனவாக எழுதிய வாகனத்தில் உண்மையாகவே உலாவியதைக் குறிப்பிடும் அக்கட்டுரையில் ஒரு குழந்தையின் மகிழ்ச்சி இருக்கிறது. ஐம்பது வயதுப் பெண்மணி. கணவரையும் இரு குழந்தைகளையும் இழந்தவர். இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கு நிதி திரட்டியும் வசைக் கடிதங்களைப் படித்தும் களைத்தவர். மேலிருந்து கல்கத்தாவைப் பார்த்தபோது அவருக்கு எந்தச் சாளரமும் அடைபட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் சாளரம் இல்லாத பேருந்தின் கதையோடு 'அபரோத்பாசினி' நூலாக வெளிவந்தது. வானில் பறந்துவிட்டு வந்தும் தரையில் நடப்பதை அவர் மறக்கவில்லை.

பள்ளி அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தது. 1916-இல் அவர் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் சங்கம் கைம்பெண்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் உதவிவந்தது. 1926-இல் வங்காளப் பெண்கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இன்று அவருடைய பள்ளி கல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடைபெறுகிறது.

1932 டிசம்பர் 8 இரவும் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணின் உரிமை என்று தலைப்பிட்ட கட்டுரை அது. மறுநாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. கல்கத்தாவுக்கு அருகே சோதேபூரில் அடக்கம் செய்தார்கள். கட்டுரை முடிக்கப்படாமல் அவருடைய மேசை மீது கிடந்தது.